பேட்டரி மாற்ற 62,000 ரூபாயா?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் தம்பியின் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்டு வாங்கியது. அவனுக்குப் பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு ஓட்டிவிட்டு நிறுத்திப் போனவன், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும்போது, "அக்கா, வண்டி செத்துப்போச்சு" என்று வந்து நின்றான்.

ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரி இருப்பது டிக்கிக்குள், டிக்கி திறப்பதோ கரண்டில்! ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி, சிவப்பு மூடி போட்ட டெர்மினலில் ஜம்பர் கேபிள் போட்டு வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்த பிறகுதான் டிக்கியே திறந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டோம். ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பணுமாம். பேட்டரியும் கம்ப்யூட்டர் வேலையும் சேர்த்து 62,000 ரூபாயாம். வெளியே மாற்றினால் வாரண்டி போய்விடும் என்றார்கள். வாரண்டி முடிந்து இரண்டு வருஷம் ஆச்சு. தெரியாதவர்களைப் பயம் காட்டிக் காசு வாங்கும் இந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான பேட்டரிக் கடை அண்ணாச்சியிடம் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினேன். ஏஜிஎம் (AGM) என்கிற வகை, கொள்ளளவு 80 ஆம்பியர்-ஹவர் (Ah), இன்ஜினைக் கிளப்பும் திறனைச் சொல்லும் சிசிஏ (CCA) 800, நீளம் 315 மில்லிமீட்டர். "இது ஒண்ணும் வானத்துல இருந்து வந்த பேட்டரி இல்லம்மா. இதே அளவுல நம்ம நாட்டுலயே கிடைக்கு, மூணு நாள்ல வரும்" என்றார். வந்தது. விலை 19,500. பழைய பேட்டரிக்கு 1,700 கழித்தார். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன் எங்கள் வீட்டுக்கே வந்து, புது பேட்டரியை அதில் பதிவு பண்ண 1,500 வாங்கினார். மொத்தம் 19,300.

அந்தப் பதிவு என்ன என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். பேட்டரிக்கு வயசாக ஆக, அதற்குத் தக்கபடி வண்டியின் கம்ப்யூட்டர் சார்ஜ் ஏற்றும் விதத்தை மாற்றிக்கொண்டே வரும். புதுசு போட்டதைச் சொல்லாவிட்டால் பழைய கணக்கிலேயே சார்ஜ் ஏறும், புது பேட்டரி சீக்கிரமே கெடும். அதே வகை, அதே ஆம்பியர் என்றால் ஸ்கேனரில் சில நிமிஷ வேலை. ஆம்பியரோ வகையோ மாறினால் கம்ப்யூட்டரில் இருக்கும் பேட்டரி விவரத்தையும் (கோடிங்) மாற்ற வேண்டும்.

ஆனால் சிக்கனம் என்று சாதா பேட்டரியை வைக்கச் சொல்பவர்களோடு எனக்குக் கடும் சண்டை. பக்கத்து வீட்டு மாமா, "7,000 ரூவாய்க்கு முடியுமே" என்றார். ஏஜிஎம்மில் ஆசிட் தளும்பாது, கண்ணாடி இழை விரிப்பு அதை உறிஞ்சி வைத்திருக்கும். சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து அணைந்து கிளம்பும் ஸ்டார்ட் ஸ்டாப் வண்டிக்கு அந்த உழைப்பு வேண்டும். டிக்கிக்குள் இருக்கும் பேட்டரிக்கு வாயு வெளியேறும் குழாயையும் மறக்காமல் மாட்ட வேண்டும். லித்தியம் பேட்டரியோடு வந்த வண்டி என்றால் கதையே வேறு. 2010-லேயே போர்ஷே 911 ஜிடி3-க்கு அதை ஆப்ஷனாகக் கொடுத்தார்கள், ஈய பேட்டரியைவிட 10 கிலோ குறைவு. அதில் கைக்கு வந்ததை மாட்டிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பேட்டரி ஏன் செத்தது? நிறுத்திய வண்டியும் தூங்குவதில்லை. அலாரமும் சாவியைத் தேடும் ரிசீவரும் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லியாம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2, இரண்டு மாதத்தில் 72 ஆம்பியர்-ஹவர். 80-இல் என்ன மிஞ்சும்? அப்படி அடியோடு வற்றிய ஈய பேட்டரி பழைய தெம்புக்குத் திரும்பாது. போதாததற்கு நம்ம ஊர் வெயில். தகர ஷெட்டுக்குள் சூடு ஏற ஏற பேட்டரியின் ஆயுசு குறையும். இப்போது ஏஜிஎம் செட்டிங் உள்ள சின்ன சார்ஜரை மாட்டி வைத்திருக்கிறேன். நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும்.

கார் கம்பெனிகளிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். பேட்டரி மாற்றியதைப் பதியும் வசதியை டேஷ்போர்டு மெனுவிலேயே வையுங்கள். வண்டி எங்களுடையது, காசு எங்களுடையது. 2022 டிசம்பர் 24-ஆம் தேதி மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் சேர்த்தி. அந்த உரிமை அம்பாசமுத்திரத் தெரு வரைக்கும் வரட்டும். வண்ணார்பேட்டை அண்ணாச்சிக்குத் தெரிந்த வேலையை ரகசியம் போல விற்கக் கூடாது.

இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே டிக்கியைத் திறந்து பேட்டரி லேபிளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது செத்த பிறகு டிக்கி திறக்காது.