நல்ல பல்லை அராவக் கொடுக்காதீர்கள்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் நகைக்கடைக்கும் புடவைக்கடைக்கும் அடுத்தபடியாக ஆட்கள் நிறைந்து நிற்கும் இடம் பல் கிளினிக். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லா இடத்திலிருந்தும் சொந்தக்காரர் வந்திறங்குகிறார்கள். அங்கே பல்லுக்குச் செலவழிப்பது லேசான காரியமில்லை. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை வெறும் அழகுக்காகச் செய்யும் பல் சிகிச்சைக்குக் காசு கொடுக்காது. சுவிஸில் கட்டாய மருத்துவக் காப்புறுதி சாதாரணப் பல் வேலையைக்கூடப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே ஊருக்கு வரும்போது கோயில், கலியாணம், காணி அலுவல் என்ற வரிசையில் பல்லும் சேர்ந்துகொள்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை. கைராசியான, பொறுமையான பல் வைத்தியர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

என் கவலை வேறு. மூன்று கிழமை லீவுக்குள் அடங்காத வேலையை அதற்குள் அடக்கப் பார்க்கிறோம். அதற்காகச் சூத்தையில்லாத, ஆட்டமில்லாத, நோவில்லாத நல்ல பல்லை அராவக் கொடுக்கிறோம். அதைத்தான் வேண்டாம் என்று சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. சிரிப்பைச் சரிசெய்ய நினைக்கிறவர்களை "அழகுப் பைத்தியம்" என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் ஒரு ஆசிரியை. என் வகுப்பில் முன்பல் மிதந்த பிள்ளை ஒன்று இருந்தாள். வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மூக்கு வரை உயர்த்திப் பிடிப்பாள். சிரிப்பு வந்தால் மேலுதட்டை இழுத்துப் பல்லை மூடிவிட்டு, அதற்கு மேலே கையையும் வைப்பாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் "திருவலை". தேங்காய் திருவுகிற திருவலைதான். அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை நாள் முழுக்க வகுப்பில் இருப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். தாயைக் கூப்பிட்டுக் கதைத்து, யாழ் போதனா வைத்தியசாலையின் பல் பிரிவுக்கு அனுப்பினோம். அரச ஆஸ்பத்திரியில் காத்திருப்புப் பட்டியல் நீளம், பொறுமை வேண்டும். முறை வந்தபின் பல்லை நேராக்கும் கம்பியான கிளிப் போட்டார்கள். இந்த வேலைக்குப் பொதுவாக ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். கிளிப் கழற்றியபின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிட்டெய்னர் போட வேண்டும். அதை மறந்தால் பட்ட பாடு வீண். இப்போது அந்தப் பிள்ளை பேச்சுப் போட்டிக்குத் தானே பெயர் கொடுக்கிறாள்.

அதை அழகுச் சிகிச்சை என்பதா, மருத்துவம் என்பதா? மிதந்த முன்பல் விழுந்தெழும்பும் வயதில் சுலபமாக உடையும். நெருக்கமாக முளைத்த பல்லுக்கிடையில் தூரிகை போகாது, சூத்தை வரும். போர்க்காலத்தில் ஷெல் துண்டு பட்டு முன்பற்களை இழந்தவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் பல் கட்டிக்கொண்டு திரும்பவும் வாய்விட்டுச் சிரிப்பதை வீண்செலவு என்று எந்த வாயால் சொல்வது?

சரி, இனி என் மச்சாளின் கதை. தன் பெயரைப் போடாமல் இதை எழுதச் சொன்னதே அவர்தான்.

சுவிஸிலிருந்து மகளின் சாமத்தியச் சடங்குக்கு வந்தவர். மேல்வரிசைப் பல் கொஞ்சம் மஞ்சள், ஒரு பல் மற்றதைவிடக் கட்டை. அவ்வளவுதான் குறை. "பத்துப் பல்லுக்கு வெனீர் போட்டால் பத்து நாளில் முடியும்" என்று ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தற்காலிகப் பல் ஒட்டுவதற்கு முன் கண்ணாடியில் பார்த்து எடுத்த படம். ஆடு கட்ட அடித்த முளைகள் போலப் பத்துக் குட்டைகள், நுனி குறுகி, மங்கல் மஞ்சளாய், முரசு ஓரமெல்லாம் இரத்தம் கசிந்து. அது வெனீர் வேலையே இல்லை. பத்துப் பல்லுக்கும் முழுக் கிரவுன்.

"வெனீர் எண்டுதான் சொன்னவை, எனக்கு வித்தியாசம் தெரியாது" என்றார் மச்சாள். அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நோயாளியைக் குறைசொல்வதை நான் ஏற்கமாட்டேன். சொல்ல வேண்டியது செய்கிறவரின் கடமை.

அந்த வித்தியாசம் இதுதான். பல்லின் வெளிப்போர்வை எனாமல். உடம்பிலேயே கடினமானது அதுதான். ஆனால் அதை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடும். எலும்பு முறிந்தால் பொருந்தும், தோல் கிழிந்தால் ஆறும். போன எனாமல் திரும்ப வளராது. முன்பல்லில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான், முரசை நெருங்க நெருங்க இன்னும் மெல்லிசு. வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. அதற்கு வழக்கமாக அரை மில்லிமீற்றர் அளவு முன்பக்கத்தைச் சீவுவார்கள். கவனமாகச் செய்தால் வேலை எனாமலுக்குள்ளேயே முடியும், ஒட்டும் உறுதியாகப் பிடிக்கும். கிரவுன் பல்லைச் சுற்றிவர மூடும் தொப்பி. அதற்குப் பல்லை நான்கு பக்கமும் அராவ வேண்டும். வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் அதில் போய்விடும். உள்ளே இருக்கும் நரம்புக்கு அது பெரிய அடி. ஏற்கெனவே உடைந்த, பெரிதாகச் சூத்தையான, ரூட் கனால் செய்த (உள்ளே இருக்கும் நரம்பை எடுத்து அடைத்த) பல்லுக்குக் கிரவுன் ஒரு பாதுகாப்பு. நல்ல பல்லுக்கு அது சேதம்.

மச்சாள் திரும்பிப் போய் ஆறு மாதத்துக்குள் ஒரு பல்லுக்கு ரூட் கனால். குளிர்ந்த தண்ணீர் குடிக்க மற்றப் பற்களும் கூசுகின்றன. கிரவுனின் ஓரம் முரசோடு பொருந்தாமல் தடித்து நிற்பதால் பல் தீட்டும்போதெல்லாம் இரத்தம். இங்கே மிச்சம் பிடித்த காசை அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பீங்கான் தகட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1920களின் கடைசியில் ஹொலிவூட்டில் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல் வைத்தியர் நடிகர்களுக்காக இதைச் செய்தார். கமெரா முன் நிற்கும் நேரத்துக்கு மட்டும் ஒட்டிக்கொள்வார்கள், வேலை முடிந்தால் கழற்றிவிடுவார்கள். 1955-ல் மைக்கல் புவனகோர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி அதில் பொருளைப் பிடிக்கவைக்கும் முறையைச் சொன்ன பிறகுதான் நிரந்தரமாக ஒட்டுவதற்கு வழி பிறந்தது. அந்தக் கண்டுபிடிப்பால் உலகத்துக்கு எவ்வளவோ நன்மை. ஆனால் நிரந்தரமாக ஒட்டினாலும் வெனீர் ஆயுளுக்கும் நிற்காது. நன்றாகச் செய்து நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருடம். இருபத்தாறு வயதில் போடுகிற பிள்ளை வாழ்நாளில் எத்தனை தரம் மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சொந்தப் பல்லில் இன்னும் கொஞ்சம் போகும்.

அப்போ என்னதான் செய்வது? அக்காவின் மகளுக்குத் தையில் கலியாணம். அவளும் "எட்டுப் பல்லுக்கு வெனீர் போடப்போறன் சித்தி" என்றுதான் வந்தாள். நடுவில் சின்ன இடைவெளி, தேநீர்க் கறை, ஒரு பல்லின் நுனி மழுங்கல். நாங்கள் போன வைத்தியர் அவளுடைய வாயைப் பார்த்துவிட்டு வெனீர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. முதலில் பல்லில் இறுகிப் படிந்திருந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தார். அதிலேயே பாதி மஞ்சள் போனது. (காரையை எடுத்தால் பல் ஆடும் என்று எங்கள் ஆட்கள் இன்னும் நம்புகிறார்கள். பல்லை ஆட்டுவது முரசுக்குள் இறங்கிய காரைதான், அதை எடுக்கிற வைத்தியர் அல்ல.) பிறகு அவளுடைய பல்லுக்கு அளவெடுத்து, பல்லின் மேல் மாட்டும் தட்டும், பல்லை வெளிறச் செய்யும் 10 சதவீத காபமைட் பெரொக்சைட் ஜெல்லும் கொடுத்து இரவில் போடச் சொன்னார். இரண்டு கிழமையில் நிறம் தெளிந்தது. இடையில் சில நாள் கூச்சம் இருந்தது, விட்டுவிட்டுப் போட்டதில் அது போய்விட்டது. அப்புறம் இன்னும் இரண்டு கிழமை காத்திருக்க வைத்தார். வெளிறச் செய்த உடனே பல்லில் தங்கியிருக்கும் ஒட்சிசன் ஒட்டும் பொருளைப் பிடிக்கவிடாதாம், நிறமும் நிலைகொள்ள வேண்டுமாம். கடைசியில் பல்லை அராவாமலே கொம்போசிற் என்ற பல் நிறப் பசையை வைத்து இடைவெளியை மூடி, மழுங்கிய நுனியையும் கட்டிவிட்டார். கொம்போசிற் பீங்கான் அளவுக்கு உழைக்காது. ஐந்து, ஏழு வருடத்தில் கறை பிடிக்கும், ஓரம் பெயரும். ஆனால் திருத்தலாம், எடுக்கலாம். அடியில் அவளுடைய பல் அப்படியே இருக்கிறது.

அங்கே நான் பார்த்து வியந்த ஒரு சின்ன விஷயம் உண்டு. நிறம் பார்க்கும்போது அவளைச் சிகிச்சைக் கதிரையிலிருந்து எழுப்பி யன்னலடிக்குக் கூட்டிப்போனார். கையில் பதினாறு நிறப் பற்கள் கோத்த பட்டி. பல்லை நனைக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பல்லோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். விளக்கு வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டுமாம். பல் காய்ந்துவிட்டால் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியுமாம். "கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெள்ளையாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு முதலில் பல்தான் தெரியும், முகம் தெரியாது" என்றார். மச்சாளுக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. இருந்ததிலேயே வெள்ளையானதைக் காட்டினார்கள், அவர் தலையாட்டினார்.

எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வவுனியா, அநுராதபுரம் பக்கத்துக் கிணற்று நீரில் புளோரைட் கூட. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கோடும் எனாமலிலேயே பதிந்துவிடும். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து "பல்லுத் தீட்டுறதில்லையோ" என்று கேட்பது கொடுமை. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. சும்மா வெளிறச் செய்தால் வெள்ளைத் திட்டுச் சிலவேளை இன்னும் எடுப்பாகத் தெரியும். மேற்பரப்பை நுண்ணியதாகத் தேய்த்தெடுப்பது, திட்டுக்குள் ரெசின் என்ற பிசினை ஊறவிடுவது என்று அதற்குத் தனி வழிகள் உண்டு. அவையும் பல்லை முளையாக்காத வழிகள்தான்.

எலுமிச்சம்புளியும் உப்பும், அப்பச்சோடா, கரித்தூள் என்று யூடியூப்பில் காட்டுவதைச் செய்யாதீர்கள். எலுமிச்சை அமிலம் எனாமலைக் கரைக்கும். எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் டென்டினின் மஞ்சள்தான் இன்னும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கலியாணம் பேசும்போது படம் பார்த்துவிட்டு "பெட்டைக்குப் பல்லுக் கொஞ்சம் மிதப்பு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். உடனே தாய்மார் பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். எழுத்து வைக்க முன் கட்டி முடிக்க வேண்டுமாம். இரண்டு வருடம் கிளிப் போட்டு, சொந்தப் பல்லோடு சரிவர வேண்டிய வாய்க்கு இரண்டு கிழமையில் கிரவுன். அதே வீட்டில் மாப்பிள்ளையின் பல் வெற்றிலைக் காவியில் கறுத்திருந்தால் யாராவது கேட்கிறார்களா? கேட்க வேண்டியது அதைத்தான். அழகுக்காகச் சொல்லவில்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003-ல் அறிவித்துவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடுகிறவர் கறை எடுக்கப் போனால் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். வாய் முன்போல அகலத் திறக்க முடியாமலிருந்தால் இன்னும் தாமதிக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு முன்பல் விழுந்து முளைக்கும் ஏழு, எட்டு வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். அந்த வயதில் பிடித்தால் பிறகு வரும் சிக்கலில் பாதி குறையும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களே, வேலையை இரண்டு பயணமாகப் பிரியுங்கள். இந்த வருடம் சுத்தம், எக்ஸ்றே, சூத்தை அடைத்தல், தேவையென்றால் நிறம் தெளியவைத்தல். அதோடு நில்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் பல்லைத் தொடாமல் மேலே தற்காலிகமாக ரெசின் வைத்து வடிவம் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் பாருங்கள், படம் எடுங்கள், வீட்டாரிடம் காட்டுங்கள். வெனீரா கிரவுனா, எத்தனை பல், எவ்வளவு அராவுவீர்கள், எனாமலுக்குள் நிற்குமா என்று கேட்டு, பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல வைத்தியர் சந்தோசமாகச் சொல்வார். அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த பல் வைத்தியரா என்று பார்ப்பதிலும் தப்பில்லை. இரவில் பல் நெருமுகிற பழக்கம் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், பீங்கான் வெடிக்கும். எல்லாம் முடிந்து விமானம் ஏறும்போது எக்ஸ்றே படங்கள், போட்ட பொருளின் பெயர், நிற இலக்கம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே ஒரு பல் கழன்றால் அந்த ஊர் வைத்தியர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.