வைக்கோல் நெருப்பும் சுரமானியும்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருப்பவர்கள் படிக்கலாம். நான் பிளஸ் டூ படிக்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், சயின்ஸ் குரூப். இதை அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில்தான் எழுதுகிறேன், அதனால் சித்திமார்கள் யாரும் அம்மா எழுதியது என்று நினைத்து போன் போட்டுவிட வேண்டாம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரு வசனம் வந்தது. "டான்சு, கொட்டுன்னு போன வருஷம் பூரா திரிஞ்சீங்கள்ல, அதோட வினைதான் இது." எனக்கு இயற்பியலில் மார்க் குறைந்தது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கொட்டால்தான், அதாவது நாங்கள் பழகிய பறையால்தான் குறைந்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று வகுப்பில் எழுந்து சொல்கிற தைரியம் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஆறாவது இயலில் 'நிகழ்கலை' என்று ஒரு உரைநடைப் பாடம் உண்டு. கரகாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், பொய்க்கால் குதிரை, தப்பாட்டம், தெருக்கூத்து எல்லாம் வரிசையாக வரும். எங்களுக்கு அதை ரெண்டு பீரியடில் நடத்தி முடித்தார்கள். நடத்தினார்கள் என்றால், வாசித்தார்கள், எந்த வரி எந்தக் கேள்விக்கு விடை என்று பென்சிலால் கோடு போடச் சொன்னார்கள், அவ்வளவுதான். தப்பாட்டம் பற்றிய பத்திக்குப் பக்கத்தில் நான் 'சிறுவினா' என்று எழுதி வைத்திருக்கிறேன், புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதே இயலின் கடைசியில் அகப்பொருள் இலக்கணம். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று ஐந்து நிலத்துக்கும் பறையின் பேரை மனப்பாடம் செய்தோம். ஒரு நிலத்தைச் சொல்லும்போது அதன் தெய்வம், சாப்பாடு, மரத்தோடு அதன் பறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. முன்னால் தப்பாட்டம், பின்னால் பறை, நடுவில் நாற்பது பக்கம்கூட இருக்காது. ரெண்டும் ஒரே சங்கதி என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனுடைய தாத்தா பறை அடிக்கிறவர். ஊரில் எல்லாருக்கும் தெரியும், வகுப்பிலும் எல்லாருக்கும் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் கலைத் திருவிழா வந்தது. அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கியது இது. பள்ளி அளவு, வட்டார அளவு, மாவட்டம், மாநிலம் என்று போகும், மாநிலத்தில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். எங்கள் பள்ளியில் எல்லாரும் சினிமாப் பாட்டு டான்சுக்குப் பெயர் கொடுக்க, நாங்கள் சிலர் மட்டும் பறைக்குக் கொடுத்தோம். உண்மையைச் சொன்னால், அதில் போட்டி கம்மியாக இருக்கும் என்ற கணக்கும் உண்டு. யார் சொல்லிக் கொடுப்பது என்று வந்தபோதுதான் அந்தக் கடைசி பெஞ்சுக்காரன், "எங்க தாத்தாட்ட கேக்கவா மிஸ்?" என்றான். ரெண்டு வருஷமாக அவன் வகுப்பில் தானாகப் பேசி நான் பார்த்த முதல் தடவை.

அம்மா முதலில் கத்தினார். "பொம்பளப் பிள்ள, அதுவும் அந்தக் கொட்டா?" என்று. அந்தக் 'கொட்டா'வில் பாதி நான் பெண் என்பதற்காக, மீதி எதற்காக என்று எனக்கும் தெரியும் அம்மாவுக்கும் தெரியும். (அம்மா இதைப் படிப்பார். பரவாயில்லை.)

தாத்தாவும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்கிற பிள்ளைக, ஒங்களுக்கு எதுக்குத்தா இது? நாங்க அடிச்சு என்னத்தக் கண்டோம்?" என்றார். ரெண்டு நாள் கழித்துத்தான் இறங்கி வந்தார். முதல் வாரம் பறையைக் கையிலேயே தரவில்லை. வாயால் சொல்லி, தொடையில் தட்டிப் பழகச் சொன்னார். அப்புறம் குச்சி. இடது கையில் மெல்லிசான நீளமான மூங்கில் குச்சி, அது சிம்புக்குச்சி. வலது கையில் கட்டையான அடிக்குச்சி, பூவரசங் கம்பில் சீவியது. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி என்று ஒவ்வொன்றாக வந்தது. மாரடிப்பு அடி கேட்டோம், "அது மட்டும் வேணாம், வேற பழகுங்க" என்று விட்டார், ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. எந்த அடியையும் அவர் எழுதி வைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏழு பேர் அடிக்கும்போது எவள் எந்த இடத்தில் பிந்தினாள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். எங்கள் வகுப்பில் நாற்பது பேர் ஒன்றாக "புரிஞ்சது சார்" என்போம், யாருக்குப் புரியவில்லை என்று சாருக்குத் தெரியாது. இங்கே ஏமாற்ற வழியே இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். பறையை அடிப்பதற்கு முன்னால் காய்ச்ச வேண்டும். வைக்கோலைக் கொளுத்தி, பறையைச் சாய்த்துப் பிடித்து, தோலை அனலில் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே விரலால் ஒரு சுண்டு. முதலில் ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி 'தொப்' என்கும். கொஞ்ச நேரத்தில் 'டம்'. அப்புறம் 'டங்' என்று காது கூசும். அந்த 'டங்' வந்ததும் தாத்தா முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

வட்டாரப் போட்டி அன்று காலையிலிருந்து மழை. தோல் காற்றில் உள்ள ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டுச் செத்துப்போய்க் கிடந்தது. போட்டி நடந்த இடத்தில் தீ மூட்டக் கூடாது என்றார்கள், அதுவும் நியாயம்தான், மேலே தகரக் கொட்டகை. எதிரில் ஒரு டீக்கடை. அந்த அண்ணன் வடைச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைக் கொடுத்தார். ஏழு பறையையும் மாற்றி மாற்றிக் காட்டி, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்கள் முறை வருவதற்குள் முக்கால்வாசி ஆறிப்போச்சு. மூன்றாம் இடம். ராத்திரி முழுக்கக் கோயிலில் அடிக்கிற ஒன்றைச் சில நிமிடத்துக்குள் சுருக்கி, அதற்கு மார்க் போட்டு இடம் கொடுப்பதைப் பற்றி எனக்கு வேறு வருத்தம் இருக்கிறது. கலையும் இன்னொரு பரீட்சையாக ஆகிக்கொண்டு வருகிறது. அது இன்னொரு நாள்.

அதற்குச் சில மாதம் கழித்து இயற்பியல் லேபில் சுரமானி. நீளமான மரப்பெட்டி, மேலே ஒரு கம்பி, முனையில் எடைக்கற்கள் தொங்கும். கம்பி மேல் சின்னக் காகிதத் துண்டை மடித்து உட்கார வைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றினால், அதிர்வெண் ஒத்துப்போகும் இடத்தில் காகிதம் துள்ளி விழும். எடையைக் கூட்டினால் இழுவிசை கூடும், இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும், நேராக அல்ல, இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. அதிர்வெண் ரெண்டு மடங்கு ஆக வேண்டும் என்றால் இழுவிசை நாலு மடங்கு வேண்டும். இதை நான் ஏற்கெனவே மனப்பாடம் செய்து டெஸ்டில் எழுதியும் இருந்தேன். அன்றைக்கு எடைக்கல்லைப் போட்டுவிட்டுக் கம்பியைச் சும்மா சுண்டிப் பார்த்தபோது வந்தது அதே 'டங்'. எனக்கு டீக்கடை அடுப்புதான் ஞாபகம் வந்தது. நெருப்பு ஈரத்தை எடுக்கிறது, தோல் சுருங்கி இறுகுகிறது, இழுவிசை கூடுகிறது. தாத்தா வைக்கோலில் செய்ததை இங்கே எடைக்கல்லில் செய்கிறோம்.

சாரிடம் கேட்டேன். எங்கள் இயற்பியல் சார் நல்லவர், வாட்டர் பாட்டிலோடு ஓடிக்கொண்டே இருப்பவர். நின்று பதில் சொன்னார். கம்பியும் தோலும் ஒன்றல்ல, ஆனால் இழுவிசைக்கு ரெண்டிலும் அதே வர்க்கமூலம்தான் என்றார். கம்பியில் அடிப்படைச் சுரத்துக்கு மேலே வருபவை இரண்டு, மூன்று, நாலு என்று முழு எண் மடங்கில் வரும், வெறும் தோலில் அப்படி வராது, அதனால்தான் பறையில் வீணை மாதிரி ஒரு சுரத்தைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது என்றார். அப்புறம் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. மிருதங்கத்தின் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம் தோலின் சுரங்களை முழு எண் மடங்குக்குக் கொண்டு வருகிறது என்பதைக் கண்டு எழுதியவர் சர் சி.வி. ராமனாம். 1920-லேயே, நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்னால். ராமன் விளைவு என்று மூன்று வரி எழுதினால் மார்க் கிடைக்கும் என்று மட்டும்தான் எனக்கு அவரைத் தெரியும். "இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றேன். "போர்ஷன் யாரும்மா முடிக்கிறது? பப்ளிக் எக்ஸாம்" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. எங்களுக்குப் பிளஸ் ஒன்னிலேயே பொதுத்தேர்வு இருந்தது. இந்த வருஷம் (2025-26) எங்களுக்கு அடுத்த செட்டுக்கு அது இல்லை. அந்த மிச்ச நேரத்திலாவது யாராவது ஒரு பறையை வகுப்புக்குள் கொண்டு வந்தால் நன்றாக இருக்கும். பிளஸ் டூ பாடத்தை அங்கேயே ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயமும் இருக்கிறது.

எனக்குக் கோபமெல்லாம் ஒரு பாடத்துக்கும் இன்னொரு பாடத்துக்கும் நடுவில் நிற்கிற சுவரின் மேல்தான். கலை நிகழ்ச்சிக்குத் தனி நேரம் ஒதுக்கு, பி.இ.டி. பீரியடைப் பிடுங்காதே என்று பேசுவார்கள், அதுவும் வேண்டும்தான். ஆனால் தமிழ் பீரியடில் பறை எழுத்தாக மட்டும் இருந்தது, லேபில் கம்பியாக மட்டும் இருந்தது, மைதானத்தில் சத்தமாக மட்டும் இருந்தது. மூன்றும் ஒன்று என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழையும் டீக்கடையும் தேவைப்பட்டது. என்னோடு அடித்த மற்ற ஆறு பேரில் சயின்ஸ் குரூப் இல்லாதவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. தாத்தாவின் பேரன் அக்கவுண்டன்சி படிக்கிறான், அவனுக்கு நான்தான் சுரமானியைப் படம் போட்டு விளக்கினேன். "இத எங்க தாத்தாட்ட சொன்னா சிரிப்பாரு" என்றான்.

2025 ஜனவரியில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். டிவியில் பார்த்துவிட்டு அம்மா, "நம்ம பக்கத்துக்காரராம்டி" என்றார். அதன் பிறகு என் பறைக்குச்சிகள் பரணிலிருந்து இறங்கி சாமி ரூமுக்குப் பக்கத்து அலமாரிக்கு வந்துவிட்டன. ஒரு விருது செய்த வேலையைப் பத்தாம் வகுப்புப் பாடம் செய்திருக்கலாம், செய்யவில்லை.

இப்போது ஒரு சின்னத் திட்டம் இருக்கிறது. போனில் அதிர்வெண் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். காய்ச்சுவதற்கு முன் ஒரு தட்டு, ஒவ்வொரு நிமிஷமும் ஒரு தட்டு, 'டங்' வரும்வரை குறித்துக்கொண்டு போய் கிராஃப் போட வேண்டும். 'டங்' எப்போது வந்தது என்பதை மட்டும் ஆப் சொல்லக் கூடாது, தாத்தாதான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். சார் வருகிறேன் என்றிருக்கிறார், ஸ்பெஷல் கிளாஸ் இல்லாவிட்டால். சனிக்கிழமை போகிறோம். வைக்கோலை நாங்கள்தான் கொண்டு வர வேண்டுமாம்.