ஒரு நாள் ஷூட்டுக்கு எவ்வளவு?

வீடியோ எடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி நேற்று இன்பாக்ஸில் கேட்டான். "அக்கா, கேமரா வாங்கியாச்சு, முதல் வேலையும் வந்திருக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கலாம்?" பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி பொதுவிலேயே போட்டுவிடலாம் என்று இங்கே வந்துவிட்டேன். இதே கேள்வியைப் பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். ஒருவரிடமும் நான் ஒரு தொகையைச் சொன்னதில்லை. தொழில் ரகசியம் என்று மழுப்புவதாக நினைத்திருப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. "ஒரு நாளைக்கு" என்ற இடத்திலேயே கேள்வி கோணலாகிவிடுகிறது.

சமீபத்தில் செய்த ஒரு வேலையின் நேரத்தை மட்டும் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஒரு நிறுவனத்துக்கு மூன்று நிமிட அறிமுக வீடியோ, ஒரே நாள் ஷூட். பேச்சுவார்த்தை இரண்டு முறை, மூன்று மணி நேரம். இடத்தைப் போய்ப் பார்த்து வந்தது மூன்று மணி நேரம் (போகாமல் இருந்தால் அந்த அறையில் ஏசி உறுமுவதும், மதியத்துக்கு மேல் ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பேசுபவர் முகத்தில் அடிப்பதும் ஷூட் அன்றுதான் தெரிந்திருக்கும்). பேட்டரி சார்ஜ், லென்ஸ் துடைப்பது, மெமரி கார்டு காலி செய்வது, பையில் அடுக்குவது இரண்டு மணி நேரம். ஷூட், பயணம் சேர்த்துப் பத்து. வீட்டுக்கு வந்து கார்டுகளைக் காப்பி செய்து சரிபார்த்தது இரண்டு. பேட்டிகளை முழுதாகக் கேட்டு, தேவையானதைப் பொறுக்கி, முதல் வெட்டுக்கு, அதாவது எடிட்டின் முதல் வடிவத்துக்கு, கொண்டுவந்தது பதினான்கு. கலர், ஒலி, எழுத்து எட்டு. மூன்று சுற்றுக் கரெக்‌ஷன் ஏழு. கடைசியில் "இதையே போனுக்கு நெட்டுவாக்கில் ஒன்று கொடுத்துடுங்களேன்" என்றதற்கு மூன்று.

கூட்டினால் 52 மணி நேரம். அதில் பதிவாவதைக் காட்டும் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது மொத்தமாக ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். கிளையன்ட் கண்ணில் பட்டது அந்த ஒரு பகல் மட்டும்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நாம் காட்டினால்தானே தெரியும்.

எல்லா வேலையும் இப்படி இழுக்காது. ஒரு கருத்தரங்கைப் பதிவு செய்து அப்படியே கொடுத்துவிடும் வேலையும் உண்டு. என் அனுபவத்தில் சராசரி என்று பார்த்தால், தானே எடுத்துத் தானே எடிட் செய்பவருக்கு ஒரு ஷூட் நாளுக்குப் பின்னால் மூன்று நாள் மேசை வேலை இருக்கும். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 365 நாள், வார இறுதி 104 போனால் 261. ஒரு வேலைக்கு நான்கு நாள் என்றால் 65 வேலை. அவ்வளவுதான், அதற்குமேல் இடமே இல்லை. அதுவும் காய்ச்சல் வராமல், ஊருக்குப் போகாமல், புது வேலை தேடாமல், பில் போடாமல், பழைய பாக்கிக்கு போன் பண்ணாமல் இருந்தால். இதையெல்லாம் கழித்தால் 50 வருவதே நல்ல வருடம். எண்பது, தொண்ணூறு என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்று எடிட்டரை வைத்திருப்பார்கள், இல்லை ஞாயிற்றுக்கிழமையை விற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஆக, தம்பி, வருடம் முழுக்க உனக்கு என்ன தேவையோ (வீட்டுச் செலவு, வரி, மருத்துவம், கருவி, சேமிப்பு எல்லாம் சேர்த்து) அதை 50-ஆல் வகுத்துப் பார். அதற்குக் கீழே போனால் கையைக் கடிக்கும். பக்கத்தில் இன்னொருவர் என்ன வாங்குகிறார் என்பதைப் பார்த்து விலை வைத்தால், அவருடைய தேவையை வைத்து நீ வாழ வேண்டியிருக்கும். அவருக்கு வேறு ஒரு மாதச் சம்பள வேலை இருக்கலாம், உனக்குத் தெரியாது.

கருவிக்கும் இதே 50 உதவும். ஒரு கேமரா உடலை நான்கு வருடம் உழைக்க வைக்கிறேன் என்று வைத்துக்கொண்டால் அது 200 ஷூட். வாங்கிய விலையில் இருநூறில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் அந்தக் கேமராவுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் நான்காம் வருட முடிவில் கையில் பழைய கேமராவும் புதிய கடனும் இருக்கும். லென்ஸ் பரவாயில்லை, கவனமாக வைத்திருந்தால் நம்மோடு நெடுநாள் வரும். பேட்டரியும் கார்டும் மைக்கும்தான் சத்தமில்லாமல் தின்னும்.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. புதுக் கருவி வந்தால் சம்பாத்தியம் கூடும் என்பது கொஞ்ச காலத்துக்குத்தான் உண்மை. 1995-இல் டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) டேப் வந்தபோது சின்ன கேமராவிலேயே டிஜிட்டல் தரம் வந்தது. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, பின்னணி மங்கிய சினிமாத் தோற்றத்தைப் புகைப்படக் கேமராவில் கொடுத்தது. 2013-இல் டிஜேஐ பேண்டம் என்ற ட்ரோன் வந்து, பறக்கும் கேமராவைத் தனி ஆள் கைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் வாங்கியவர் தனியாகக் கட்டணம் போட்டார். அப்புறம் எல்லோரிடமும் வந்தது. அப்புறம் அது கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. ட்ரோனுக்கு என்று பில்லில் தனித் தொகை போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது "ட்ரோன் இருக்கில்ல?" என்று கேட்கும் தொனியிலேயே அது இலவசம் என்று புரிந்துவிடும். புது கேமரா வாங்கியதால் மட்டும் விலையை ஏற்றலாம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கருவி நமக்குச் செலவையும் கூட்டுகிறது. முழு எச்டியைவிட, அதைவிடத் தெளிவான 4கே-வில் படத்துக்கு நான்கு மடங்கு புள்ளிகள். வினாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடும் நிகழ்ச்சி என்றால் 720 ஜிபி. அதை ஒரே இடத்தில் வைத்தால் தூக்கம் வராது, மூன்று பிரதி என்றால் இரண்டு டெராபைட்டைத் தாண்டிவிடும். இந்த ஹார்டு டிஸ்க்குக்கு யார் காசு கொடுப்பது? இரண்டு வருடம் கழித்து "அந்த புட்டேஜ் இருக்கா?" என்று கேட்பார்கள், இருந்தே ஆக வேண்டும் என்ற உரிமையோடு கேட்பார்கள். எத்தனை மாதம் வைத்திருப்பேன் என்று இப்போதெல்லாம் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

சரி, இதெல்லாம் நம் பக்கத்துச் செலவு. வாங்குகிற தொகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறு விஷயம். அந்த வீடியோவை வைத்து எதிரில் இருப்பவர் என்ன செய்யப் போகிறார்? அதே விளக்கு, அதே லென்ஸ், அதே இரண்டு நிமிடம்தான். புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கு உள்ளே காட்டும் பயிற்சிக் காணொளி என்றால் ஒரு விலை. அதையே விளம்பரமாக வருடம் முழுக்க ஓட்டி பொருளை விற்கப் போகிறார் என்றால் இன்னொரு விலை. எங்கே ஓடும், எவ்வளவு காலம் ஓடும், எத்தனை நாடுகளில் ஓடும் என்று விளம்பரத் துறையில் கேட்டு வாங்குவது வழக்கம்தான். நம்மில் பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. நானும் முதல் ஐந்து வருடம் கேட்கவில்லை. நான் எடுத்த ஒரு பேட்டித் துண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேறொரு விளம்பரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை, சண்டை போடவும் முகமில்லை.

அடுத்தது, மறுபடி எடுக்க முடியுமா என்பது. பொருளைப் படம் பிடிக்கும்போது தப்பு நடந்தால் இன்னொரு டேக். கல்யாணத்தில், மேடைப் பேச்சில், விளையாட்டில் இன்னொரு டேக் கிடையாது. ஆரம்ப காலத்தில் ஒரு விருது விழாவில், வாழ்நாள் சாதனை விருது வாங்கியவர் பேசிக்கொண்டிருந்தார். என் கேமரா 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிட்டது. அப்போது நிறைய கேமராக்களில் அந்த வரம்பு இருந்தது. 30 நிமிடமோ அதற்குமேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி போட்டதால், புகைப்படக் கேமரா தயாரிப்பவர்கள் ஒரு வினாடி முன்னால் நிறுத்திவிட்டார்கள். எங்கேயோ போட்ட ஒரு வரி விதிக்காக, நான் பின்வரிசையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். கவனித்து மறுபடி பட்டனை அழுத்துவதற்குள் நாற்பது வினாடி போயிருந்தது. அந்த நாற்பது வினாடியில்தான் அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டும் சத்தம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

அன்றிலிருந்து இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு இரண்டு கேமரா, இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவு, ஒலிக்குத் தனி ரெக்கார்டர். விலையும் அதற்கேற்றபடி. அனுபவசாலி ஏன் அதிகம் கேட்கிறார் என்றால் அழகாக எடுப்பார் என்பதற்காக மட்டும் இல்லை, அழகாக எடுக்கும் பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். எது எப்போது நின்றுபோகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், அதற்குத்தான்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனசில்லை. காலர் மைக்கைச் சட்டையில் குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பேசுபவர் ஒவ்வொரு முறை தலையைத் திருப்பும்போதும் துணி உரசி கரகர என்று ஒரு சத்தம் வரும், ஹெட்போன் போடாதவருக்கு அது எடிட்டிங் மேசையில்தான் தெரியும். ஒயரை ஒரு சின்ன வளையமாகச் சுற்றி, டேப் போட்டு, துணியில் படாமல் ஒட்ட இரண்டு நிமிடம் ஆகும். படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியவில்லை என்றால் வீடியோவை மூடிவிடுவார்கள். ஒலி தெரிந்த வீடியோகிராபருக்கு வேலை விட்டுப்போவதில்லை, நான் பார்த்தவரை.

இணையத்தில் வீடியோகிராபரின் சராசரி சம்பளம் என்று தேடினால் வரும் எண்களை நம்பி மனதை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். அதில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் ஊதியக் கணக்கெடுப்பில் சுயதொழில் செய்பவர்கள் சேர்க்கப்படுவதில்லை. இந்தத் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். நிறுவனச் சம்பளக்காரருக்குக் கேமராவை நிறுவனம் வாங்கித் தருகிறது, வேலை இல்லாத செவ்வாய்க்கிழமைக்கும் சம்பளம் வருகிறது. தனியாள் அதே தொகையை வாங்கினால் அது அதே தொகை இல்லை. கைக்கு வருவதில் பாதியை என்னுடையது என்று நான் எண்ணுவதே இல்லை.

குறைப்பவை பற்றிப் பேசினால் விடிந்துவிடும். இடைத்தரகர் இரண்டு பேர் இருந்தால், அவர்கள் பங்கு போக மிச்சம்தான் கேமரா பிடிப்பவருக்கு. பணம் 60 நாள் கழித்து, 90 நாள் கழித்து என்றால், அதுவரை வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் நாம்தான், அதனால் பாதி அட்வான்ஸ் இல்லாமல் நான் பையைத் திறப்பதில்லை. "கொஞ்சம் லைவ்லியா பண்ணுங்க" என்ற ஒரே வரிக் கரெக்‌ஷன் ஒரு முழு நாளைத் தின்னும். அப்புறம் ஒன்று. நான் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருக்கும்போதே "கேமராமேன் எப்போ வருவார்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்ட வாயிலிருந்து என் கட்டணத்துக்குப் பேரமும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

போனிலேயே எடுத்துவிடலாமே என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நிறைய வேலைக்குப் போன் போதும், உண்மையாகவே போதும். அந்த வேலைகள் நம்மை விட்டுப் போய்விட்டன, திரும்பி வரா. சப்டைட்டில் போடுவது, பேட்டியை எழுத்தாக்குவது இதெல்லாம் இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது, எனக்கே ஒரு வேலைக்கு நாலைந்து மணி நேரம் மிச்சம். அந்த மிச்சத்தைத் தள்ளுபடியாகக் கேட்கிறார்கள். நான் தருவதில்லை. நாள் கணக்கில் விலை சொல்லியிருந்தால் தந்தாக வேண்டியிருக்கும், வேலைக்கு என்று மொத்தமாகச் சொல்லியிருப்பதால் அது என் கைக்கு வருகிறது.

ஆகவே அந்தத் தம்பிக்கு எண்ணைச் சொல்லாமல் சில கேள்விகளை அனுப்பினேன். வீடியோ எங்கே ஓடும்? எத்தனை நிமிடம், எத்தனை வடிவம்? எடிட்டிங் உன்னுடையதா? எத்தனை முறை மாற்றித் தருவாய்? ரா புட்டேஜையும் (எடிட் செய்யாத மூலப் பதிவு) கேட்கிறார்களா? பணம் எப்போது? இதைக் கேட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன்.

இன்று காலை பதில் போட்டிருக்கிறான். கேட்டானாம். "ஒரு நாள் வேலை, சின்ன வீடியோ" என்று சொன்னவர்கள், கேள்விகளைப் பார்த்த பிறகு, மூன்று வடிவம், ஏழு குட்டித் துண்டுகள், ரா புட்டேஜ் முழுவதும், ஆறு மாத விளம்பரம் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, நான் சொல்ல இருந்த தொகைக்கு ஹார்டு டிஸ்க்கே வாங்க முடியாது போல" என்கிறான். உட்கார்ந்து 50-ஆல் வகுத்துக்கொண்டிருக்கிறானாம்.