யார் வீட்டு ரூம் டெம்பரேச்சர்வே அது?

சமையல் வீடியோ போடுகிற புண்ணியவான்களே, இனிமேல் "அல்வாவுக்கு எடுத்த கோதுமைப் பாலை ரூம் டெம்பரேச்சரில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள்" என்று சொல்வதாக இருந்தால், அது யாருடைய ரூம் என்று சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். ஊட்டியா, ஏசி போட்ட அண்ணாநகரா, இல்லை அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் மொட்டைமாடிக்கு நேர்கீழே கிடக்கும் என் அடுப்படியா? ராத்திரி 10 மணிக்கு இங்கே தெர்மாமீட்டர் 34 காட்டுகிறது. சுவரில் தோசை வார்க்கலாம்.

திருநெல்வேலியில் பிறந்துவிட்டு 40 வருஷமாக அல்வாவைக் கடையில் வாங்கியே தின்றாச்சு, ஒரு தடவையாவது வீட்டில் கிண்டுவோமே என்று ஆசைப்பட்டேன். சம்பா கோதுமைக்கே நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. "எல்லாம் சம்பாதான் அண்ணாச்சி, எடுத்துட்டுப் போங்க" என்று ஒருவர் சப்பாத்திக்கு அரைக்கிற கோதுமையை நீட்டுகிறார். நீளமாக, செம்பழுப்பாக இருக்க வேண்டிய மணி குட்டையாக வெளுத்துக் கிடக்கிறது. எனக்குக் கண் அவிந்துவிட்டது என்று அவருக்கு நினைப்பு.

சரி, கிடைத்ததை ஊறவைத்து, அரைத்து, மூன்று தடவை துணியில் பிழிந்து பால் எடுப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அரைக் கிலோவுக்கே இந்தப் பாடு. மாவு அடியில் தங்கும், காலையில் மேலே தெளிந்த தண்ணீரை இறுத்தால் போதும், லேசான புளிப்புதான் ருசி என்றது வீடியோ. காலையில் மூடியைத் திறந்தால் தெளிவாவது ஒன்றாவது! மேலே விரற்கடை உயரத்துக்கு நுரை. பொட், பொட்டென்று கொப்புளம் வெடிக்கிறது. மூன்று நாள் கழுவாத மாவு வாளியின் வாடை. அதில் சீனியையும் நெய்யையும் கொட்ட நான் என்ன கோட்டிக்காரனா?

கொட்டினேன். அதுதான் கொடுமை. ஒன்றரை மணி நேரம் கிண்டினேன். மதினி ஒரு வாய் வைத்துவிட்டு, "மோர்க்களிக்கு எதுக்கு இவ்வளவு நெய்?" என்று கேட்டார்.

ம்யூனிக்கில் இருக்கிற சித்தப்பா மகனிடம் புலம்பினால் அவன் பாடம் எடுக்கிறான். அவனும் இப்போதுதான் வீட்டில் கோதுமை பீர் காய்ச்சிப் பழகுகிறானாம். (அங்கே காய்ச்சலாம். இங்கே காய்ச்சினால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வாசலில் வந்து நிற்கும்.) "நானும் ஈஸ்ட் போட்டு ரூம் டெம்பரேச்சர்லதாண்ணே வச்சேன், வாழைப்பழ வாசனை தூக்குது" என்கிறான். ஏலே, உன் ரூம் 20 டிகிரி! அந்த ஈஸ்ட்டுக்கு அதுதான் இதம். அந்த வாளியைக் கொண்டுவந்து என் அடுப்படியில் ரெண்டு நாள் வை, வருவது வாழைப்பழ வாசனையா பெயின்ட் தின்னர் வாடையா என்று பார்ப்போம்.

அப்புறம் ஆச்சியிடம் சொன்னேன். 85 வயசு. விழுந்து விழுந்து சிரித்தாள். "சித்திர வெயில்ல எவம்ல ராத்திரி முழுக்க வைப்பான்? நாலு மணி நேரம் போதும். இன்னும் வைக்கணும்னா மேத்தண்ணிய இறுத்துட்டுப் பச்சத்தண்ணி ஊத்து. பானையச் சுத்தி ஈரத்துணி கட்டு." இவ்வளவுதான் விஷயம். ஏலக்காய்க்குக்கூட கிராம் கணக்கு சொல்கிற ஒரு வீடியோவும் இதைச் சொல்லவில்லை.

இன்றைக்கு மறுபடி அரைக் கிலோ பிழிந்து வைத்திருக்கிறேன். பானைக்கு என் பழைய சாரத்தை, அதான் லுங்கியை, நனைத்துக் கட்டியாயிற்று. தண்ணீர் மாற்ற 1 மணிக்கு அலாரம்.