ஆபரேஷன் முடிந்ததும் ஆணுறையை விட்டுவிடலாமா?

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் எளிது, அன்றே வீடு திரும்பலாம் என்று பொதுவாகச் சொல்வது சரிதான். ஆனால் பலனும் அன்றே தொடங்கிவிடும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்ளக் கூடாது. விந்துக்குழாயை வெட்டிக் கட்டினாலும், வெட்டிய இடத்தைத் தாண்டி ஏற்கனவே போய்விட்ட விந்தணுக்கள் சில வாரங்கள் அங்கேயே இருக்கும். சுமார் 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லும் வரை ஆணுறையோ வேறு முறையோ வேண்டும். இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிட்டு, அப்புறம் ஆபரேஷனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆண்மை குறையுமா என்று இன்னமும் கேட்கிறார்கள். ஆண்மைக்குக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கலக்கிற ஹார்மோன். விந்துக்குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விந்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பதால் அளவிலும் வித்தியாசம் தெரியாது.

மறுபடி இணைக்கும் ஆபரேஷன் உண்டுதான், ஆனால் அது பெரிய வேலை, குழந்தை பிறக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இன்னொரு குழந்தை வேண்டுமா என்ற யோசனை கொஞ்சம் இருந்தாலும் பெண்ணின் கருப்பையில் வைக்கிற காப்பர் டி போன்ற தற்காலிக முறையே மேல். பால்வினை நோயைத் தடுக்க ஆணுறை மட்டும்தான், ஆண், பெண் இருவருக்குமான கருத்தடை ஆபரேஷன் இரண்டும் அதற்கு உதவாது.