எல்லாமே செவப்பா இருந்தா அலாரம் எதுக்குய்யா

மூணு நாளா பஞ்சாயத்து. பம்ப் ஓடலன்னு இல்லங்க, ஓடுற பம்ப்ப ஆலைல ஆபரேட்டர் பாக்குற கன்ட்ரோல் ஸ்க்ரீன்ல எந்த கலர்ல காட்டணும்னு. ப்ராசஸ் ஆளுங்க பச்சைன்னா ஓடுது, செவப்புன்னா நின்னுடுச்சுங்கிறாங்க. எலக்ட்ரிக்கல் ஆளு வந்து, செவப்புன்னா கரண்ட் இருக்கு, பச்சைன்னா ஆஃப், எங்க பிரேக்கர் எல்லாம் அப்படித்தான்ங்கிறாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க வழக்கப்படி கரெக்ட்டு தான், நடுவுல மாட்டுனவன் அந்த ஸ்க்ரீன டிசைன் பண்ற நான்.

இந்த மாதிரி ஸ்க்ரீன எப்படி டிசைன் பண்ணணும்னு ஐஎஸ்ஏ 101 னு ஒரு ஸ்டாண்டர்டு 2015லயே வந்தாச்சு. அந்த வழி போறவங்க எல்லாம் பேக்ரவுண்ட சாம்பல்ல வச்சு, நார்மலா ஓடுறதையும் சாம்பல்லயே அடக்கி வாசிச்சு, பளிச்னு இருக்கற கலர அலாரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கிறாங்க. அப்படி போட்டு காட்டுனேன். "என்னப்பா இது, இழவு வீடு மாதிரி இருக்கு, கொஞ்சம் கலர்ஃபுல்லா பண்ணு"ன்னு பதில் வருது. பண்ணேன். பைப் நீலம், டேங்க் ஆரஞ்சு, வால்வு செவப்பு, தலைப்பும் செவப்பு, ஒரு மூலையில சுத்துற ஃபேன் வேற (அத நான் வைக்கல, சத்தியமா). நேத்து ராத்திரி ஷிப்ட்ல டேங்க் ரொம்ப நிரம்பிடுச்சுன்னு ஹை லெவல் அலாரம் வந்து நிக்குது, ஆபரேட்டரு கண்டுக்கவே இல்ல. ஏன் கண்டுக்கணும், ஏற்கனவே ஸ்க்ரீன்ல ஒம்போது செவப்பு இருக்கே, பத்தாவது எப்படிண்ணே கண்ணுல படும்?

இதுல பெரிய கொடுமை என்னன்னா கலர் செலக்ட் பண்றது ஏசி ரூம்ல, லேப்டாப்ல. ஆலைல ஓடுறது 7 இன்ச் டிஎன் பேனல் (பழைய வகை எல்சிடி), அதுவும் 16 பிட் கலர், செவப்புக்கு 32 படி, பச்சைக்கு 64, நீலத்துக்கு 32, மொத்தமே 65,536 கலர் தான். லேப்டாப்ல ஒரு கலர்லருந்து இன்னொண்ணுக்கு வழுவழுன்னு மாறுன கிரேடியன்ட் அங்க போனா கோடு கோடா பட்டை அடிச்சிருக்கு. அதையும் ஒழுங்கா கண்ணு மட்டத்துல மாட்டுனாங்களா, ஆள் உயரத்துக்கு மேல மாட்டியிருக்காங்க. டிஎன் பேனல்ல ஒரு கோணத்துல பாத்தா வெளுத்துடும், எதிர் கோணத்துல பாத்தா கருப்பு வெளுப்பு தலைகீழா திரும்பிடும். அந்த இளஞ்சாம்பல் எழுத்து நேரா நின்னா தெரியுது, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா இல்லவே இல்ல. ஷட்டர தொறந்தா வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது, பாவம் ஆபரேட்டரு ஒரு கையால நிழல் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில கிளவுஸோட பட்டன தேடுறாரு. கருப்பு பேக்ரவுண்டு தான் ஸ்டைலுன்னு அடம் பிடிச்சவர கூட்டிட்டுப் போய் அதுல அவரு மூஞ்சியே கண்ணாடி மாதிரி தெரியறத காட்டணும்.

அப்புறம் ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 4 லருந்து 8 பேருக்கு செவப்பு பச்சை வித்தியாசம் சரியா பிடிபடாது. கலரோட கூட வடிவம், இல்லன்னா ஒரே வார்த்தைல "ஓடுது", "நிக்குது"ன்னு போடுங்கய்யான்னு கெஞ்சுறேன், "ஸ்க்ரீன் கசகசன்னு ஆயிடும்"ங்கிறாங்க. சுத்துற ஃபேனுக்கு மட்டும் எடம் இருக்காம்.

இன்னைக்கு காலைல புது மெயில். பேக்ரவுண்டு கம்பெனி லோகோ நீலத்துலயே இருக்கட்டுமாம். பைப்பு என்ன கலர்னு மேல சொன்னேன்ல, அதே நீலம்.