யாரைக் கேட்டு எடுத்த கணக்கு?

2013-ல் ஒரு திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் என் இரவு வானொலி நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். காரணம் கேட்டேன். எந்த நேரத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று சொல்லும் சர்வே அறிக்கையில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். போன அறிக்கையைவிட இரவு பத்து மணி ஸ்லாட்டில் இரண்டு புள்ளி இறங்கியிருந்தது. அவ்வளவுதான். மூன்று வருடம் ஓடிய நிகழ்ச்சிக்கு அந்த வாரமே கடைசி வாரம். அப்புறம் அந்த இரண்டு மணி நேரமும் கம்ப்யூட்டர் தானாகப் பாட்டு போட்டது.

நிலையத்தின் பெயர் வேண்டாம். கொங்குப் பக்கம் ஒரு தனியார் எஃப்.எம். இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம், போன வாரம் வேறொரு ஊர் நிலையத்தில் இருக்கும் ஒரு தம்பி போன் செய்தான். "அக்கா, என் ஷோவைத் தூக்கிட்டாங்க" என்றான். அவனுக்கும் ஒரு பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

என் நிகழ்ச்சியை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நூல் மில்களில் வேலை செய்யும் பெண்கள். திண்டுக்கல், தேனி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பிள்ளைகள். ஷிப்ட் முடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டல் வராண்டாவில் இருக்கும் காயின் போனிலிருந்து கூப்பிடுவார்கள். ஒரு ரூபாய் தீர்வதற்குள் பெயர், ஊர், பாட்டு, யாருக்காக என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவள் "சீக்கிரம் சொல்லுடி" என்பது அப்படியே ஒலிபரப்பில் கேட்கும். பாதியில் லைன் போய்விட்டால் அடுத்தவள் பேசும்போது முன்னால் போனவளின் வாழ்த்தையும் சேர்த்துச் சொல்வாள்.

சர்வேக்காரர்கள் வீடு வீடாகத்தான் போனார்கள். மில் ஹாஸ்டல் அவர்கள் கணக்கில் வீடு இல்லை. வாசலில் செக்யூரிட்டியைத் தாண்டி யாரும் உள்ளே போய்க் கேட்கவும் முடியாது. அப்படியென்றால் அந்த இரண்டு புள்ளி இறங்கியது யாரிடம்? என் நேயர்கள் அந்தக் கணக்கில் ஏறவே இல்லையே, பிறகு எப்படி இறங்குவார்கள்? மீட்டிங்கில் இதைக் கேட்டேன். "டேட்டா டேட்டாதான் மேடம்" என்றார்கள்.

சரி, டேட்டாவையே பார்ப்போம். நம் நாட்டில் வானொலிக்கென்று தனியாக வந்த பெரிய அளவீடு, அப்போது டிவி ரேட்டிங் எடுத்துவந்த டாம் நிறுவனம் 2007-ல் தொடங்கிய 'ராம்'. நேயர்கள் தாங்கள் கேட்டதைத் தாங்களே டைரியில் குறித்துத் தரும் முறை. மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா என நான்கு ஊர்களில் நடந்தது. சென்னை அதில் இல்லை. ஒரு ஊருக்கு 480 பேர். இந்த 480-ஐ வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் நிகழ்ச்சியை நூற்றுக்குப் பத்துப் பேர் கேட்பதாக அறிக்கை சொன்னால், உண்மை ஏழேகாலுக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அதையே பெண்கள், இன்ன வயது என்று வடிகட்டி 60 பேரில் கொண்டுவந்து நிறுத்தினால், பத்து என்பது இரண்டரையாகவும் இருக்கலாம், பதினேழரையாகவும் இருக்கலாம். இது புள்ளியியல் முதலாண்டுப் பாடம். இதில் இரண்டு புள்ளி இறக்கத்தை வைத்து ஒரு நிகழ்ச்சியை மூடுவதற்கு நாணயத்தைச் சுண்டிப் போட்டிருக்கலாம்.

எண்ணிக்கை சின்னது என்பது ஒரு சிக்கல். கேட்கிற விதம் இன்னொன்று. நிகழ்ச்சி நின்ற பிறகு, தெரிந்த ஒரு சர்வே பையனோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். ஒரு வீட்டின் முன் அறையில் தையல் கடை. வீட்டுக்காரர் மிஷினில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மூன்று பெண்கள் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. "நேத்து என்ன ஸ்டேஷன் கேட்டீங்க?" என்று பையன் கேட்டான். ஊரெல்லாம் போர்டு வைத்திருக்கும் ஒரு பிரபல எஃப்.எம். பெயரை அவர் சட்டென்று சொன்னார். பையன் எழுதிக்கொண்டான். நான் ஜன்னலருகே போய் ரேடியோவைப் பார்த்தேன். முள் ஆகாசவாணியின் எஃப்.எம்.மில் நின்றது. "இதுதாங்க நேத்தும் ஓடுச்சா?" என்றேன். "ஆமாங்க, முள்ளத் தொட்டே ஒரு மாசமாச்சுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எந்த எஃப்.எம். ஆனாலும் அவர் வாயில் அந்தப் பெயர்தான் வரும். காஜா எடுத்த மூன்று பேரையும் யாரும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கேட்டவர்கள் அவர்கள்தான். அந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பதில், அதுவும் தவறான பதில், அறிக்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆளைக் கேட்காமல் தானாகவே குறித்துக்கொள்ளும் மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு அமெரிக்காவைக் காட்ட வேண்டும். அங்கே வானொலி ரேட்டிங் எடுத்துவந்த ஆர்பிட்ரான் நிறுவனம் பெரிய ஊர்களில் டைரியை விட்டுவிட்டு, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு மாறியது. ஒலிபரப்பில் காதுக்குத் தெரியாமல் புதைத்திருக்கும் குறியீட்டை அது பிடித்துக்கொள்ளும். 2008-ல் நியூயார்க்கில் அது நடைமுறைக்கு வந்தபோது கறுப்பின, ஸ்பானிய மொழி நேயர்களுக்கான நிலையங்களின் ரேட்டிங் சரிந்தது. ஊரும் அதே ஊர், பாட்டும் அதே பாட்டு. அளவுகோல் மட்டும் மாறியது. கருவியைச் சுமக்கும் ஆட்களில் அந்த மக்கள் சரியாக இடம்பெறவில்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ வழக்குப் போட்டார். 2009 ஜனவரியில், ஆள் சேர்க்கும் முறையைத் திருத்துவதாக ஆர்பிட்ரான் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது முடிந்தது.

அதைவிட என்னை வருத்தியது அடுத்து நடந்தது. அந்தக் குறியீடு ஒளிந்துகொள்ள ஒலி வேண்டும். இடைவிடாத பாட்டில் அது எளிதாக ஒளியும். ஒருவர் நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பேசும்போது அந்த இடைவெளிகளில் ஒளிய இடமிருக்காது. மீட்டர் கோட்டைவிடும். அந்தக் குறியீட்டைத் தூக்கிக்காட்ட 2015 வாக்கில் பல நிலையங்கள் 15,000 டாலர் கொடுத்து ஒரு பெட்டியை வாங்கி மாட்டின. ஆர்பிட்ரானை வாங்கியிருந்த நீல்சன் நிறுவனம், பிறகு தன் குறியீட்டையே பலப்படுத்தியது. இதை நினைத்தால் எனக்கு அந்த ஹாஸ்டல் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அழுகையை விழுங்கிக்கொண்டு ஒருத்தி இரண்டு நொடி பேசாமல் நிற்பாள். நானும் பேசாமல் காத்திருப்பேன். வானொலியில் அதைவிடக் கனமான நேரம் கிடையாது. அப்படியொரு மீட்டருக்கு அது வெற்றிடம்.

எண் சரியாகவே இருந்தாலும் அதை எப்படிப் படிக்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. பிபிசியின் 6 மியூசிக் நிலையத்தை மூடலாம் என்று 2010 மார்ச்சில் நிர்வாகம் முன்மொழிந்தது. வாரத்துக்குச் சுமார் ஏழு லட்சம் நேயர்கள்தான். ஐந்தில் ஒருவருக்குத்தான் அப்படி ஒரு நிலையம் இருப்பதே தெரியும் என்றார்கள். நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தச் சத்தத்திலேயே அந்த ஆண்டு கேட்போர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. ஜூலையில், நிர்வாகத்துக்கு மேலே இருந்து மேற்பார்வை செய்த பிபிசி டிரஸ்ட் மூடக்கூடாது என்றது. இன்று வாரத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்கிறார்கள். நிறையப் பேருக்குத் தெரியாமல் இருந்தது என்பதைத்தான் அந்தச் சின்ன எண் சொன்னது. பிடிக்கவில்லை என்று அது சொல்லவே இல்லை.

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளம்பரதாரர் எதையாவது பார்த்துத்தான் காசு கொடுப்பார், அதில்தான் எங்களுக்குச் சம்பளம். அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாக வந்த தபால் அட்டையும் முழு உண்மை இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் குரல் மட்டும்தான் அதில் வந்தது. ஆனால் விளம்பர ரேட் பேசுவதற்குத் தயாரித்த ஒரு அட்டவணையை வைத்து, யாருக்காக ஒலிபரப்புகிறோம் என்பதையும் தீர்மானிப்பது தவறு. குறைந்தது நான்கைந்து அறிக்கையைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். முடிவெடுப்பவர் ஒரு நாளாவது நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் வெளியே போய், ரேடியோ ஓடுகிற இடங்களில் நிற்க வேண்டும். எங்கள் ஸ்டூடியோவில், வந்த அழைப்பெல்லாம் குறித்த நீள நோட்டுகள் பதினொன்று இருந்தன. அந்த மீட்டிங்கில் ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

வானொலியில் இருக்கும் நண்பர்கள் ஒரு உதவி செய்யுங்கள். கடைசியாக வந்த சர்வே அறிக்கையில், அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் சாம்பிள் அளவைப் பாருங்கள். உங்கள் ஊரில் இரவு பத்து மணிக்கு எத்தனை பேரைக் கேட்டிருக்கிறார்கள், அதில் ஹாஸ்டலில் இருப்பவர்கள் எத்தனை பேர்? கமெண்டில் சொல்லுங்கள். அந்தத் தம்பி நாளை மறுநாள் நிர்வாகத்தைப் பார்க்கப் போகிறான், கையில் கொண்டுபோக வேண்டும்.